கறுப்பாய்த் தெரிந்த குங்குமம்

ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் அதற்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது. புகைப்படக் கண்காட்சிகளில் கவனித்திருக்கிறேன். வண்ணப்படங்களை நடந்தபடியே பார்த்துச் செல்பவர்கள் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன் நின்றுவிடுகிறார்கள். அந்த மரியாதையில் பாதி நியாயமானது. மீதியை அந்தப் படம் உழைத்துச் சம்பாதிக்கவில்லை என்பது என் எண்ணம்.

நியாயமான பாதியிலிருந்து தொடங்குகிறேன். நம் தெருக்களில் கேமராவை எங்கே திருப்பினாலும் ஒரு மூலையில் நீலமோ சிவப்போ பிளாஸ்டிக் குடம் ஒன்று நிற்கும். முகத்தைப் பார்க்க வந்த கண் முதலில் குடத்துக்குப் போகும். நிறத்தை எடுத்துவிட்டால் குடம் அடங்கிவிடும். கன்னத்தில் சாய்ந்து விழும் வெயிலும் நெற்றிச் சுருக்கமும் புறங்கையில் புடைத்த நரம்பும் முன்னே வரும்.

இதற்கு எடுப்பவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப்போன ஆன்சல் ஆடம்ஸிடம் கடைசியில் இரண்டே கண்ணாடித் தகடுகள் மிஞ்சியிருந்தன. ஒன்றை மஞ்சள் பில்டர் போட்டு எடுத்தார். அந்தப் பாறை தன் மனதில் எழுப்பிய கம்பீரம் அதில் வராது என்று பட்டது. மிச்சமிருந்த தகட்டுக்கு அடர்சிவப்பு பில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். பகல் வானம் ஏறக்குறைய கறுத்துப்போக, அதன் முன்னே பாறை எழுந்து நின்றது. நிறமே இல்லாத அந்தப் படத்தை எடுத்தவர் ஒவ்வொரு நிறத்தையும் கணக்கில் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையின் பெருமை என்று நான் கருதுவது இந்தக் கணக்கைத்தான்.

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கும் அது தெரியும். கறுப்பு வெள்ளைத் தாள் சிவப்பு விளக்கில் பாழாகாது. என்லார்ஜர் வெளிச்சத்தைக் கையால் மறைத்தும் விட்டும் முகத்தைத் தேற்றி, டெவலப்பர் தட்டில் அது மெல்ல எழுவதைப் பார்த்துப் பார்த்துப் பிரிண்ட் போட்டார்கள். பிலிம்கூட நம் மலையிலேயே தயாரானது: 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் உதகையில் தயாரித்து விற்றது. கலர் தாளுக்கோ ஏறக்குறைய முழு இருட்டும், சூடு பிசகாத ரசாயனமும் வேண்டும். நெகட்டிவ் நகரத்து லேபுக்குப் போயிற்று. சின்ன ஊர்க் கலைஞரின் கைவேலை அத்தோடு முடிந்தது.

ஆயுளிலும் பழையதே ஜெயித்தது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது வெள்ளி. ஹைப்போவில் போட்டு ஒழுங்காகக் கழுவியிருந்தால் தலைமுறைகள் தாங்கும். கலர் பிரிண்டில் இருப்பது சாயம். எழுபது, எண்பதுகளின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் எல்லாரும் செம்மண் பூசியது போலத் தெரிவார்கள். பீரோவின் இருட்டுக்குள்ளேயே சியான் சாயம் வெளுத்துப்போனதன் விளைவு அது.

அதே பீரோவில் எங்கள் பாட்டியின் படம் இன்னும் தெளிவாக இருக்கிறது. நெற்றிப் பொட்டு மட்டும் கன்னங்கரேல் என்றிருக்கும். பாட்டி மைப்பொட்டு வைப்பவர் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமத்தை அது இருட்டாகவே பதியும். எல்லா நிறத்தையும் உணரும் பாங்குரோமாட்டிக் பிலிம் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. அரக்குச் சிவப்பு உடலும் இலைப்பச்சைக் கரையும் கொண்ட காஞ்சிபுரம் பட்டில் இரண்டு நிறத்துக்கும் வெளிச்ச அளவு ஒன்றாக அமைந்தால், படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைத்த நெசவாளியின் வேலை அங்கே காணாமற்போகிறது. அறுபதுகளின் ஊர்வலப் படங்களில் கறுப்பு-சிவப்புக் கொடியின் இரு பாதிகளையும் பிரித்தறியக் கண்ணை இடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த இழப்பைப் பொறுக்காதவர் ரகுபீர் சிங். ஜெய்ப்பூரில் பிறந்து, 1999இல் மறையும்வரை இந்தியாவை வண்ணத்தில் எடுத்தவர். ராஜஸ்தானிய, முகலாயச் சிற்றோவியங்களின் வழிவந்த இந்தியக் கண் நிறத்தில் ஊறியது என்றும், கறுப்பு வெள்ளையின் சோகம் மேற்கின் மனநிலை என்றும் வாதிட்டார். முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாவது மிகை. நேரு புறாவைப் பறக்கவிடும் ஹோமாய் வியாரவாலாவின் படமும் கறுப்பு வெள்ளைதான். அதில் சோகம் எங்கே இருக்கிறது?

வாதத்தை விட்டு இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1984 டிசம்பர் 2, 3 இடைப்பட்ட இரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. அடக்கம் செய்யப்பட்ட, பெயர் தெரியாத ஒரு குழந்தையை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்திலும் எடுத்தார்கள். வண்ணப்படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. ராயின் படத்தில், மண்ணுக்குள் போகும் முகத்தை ஒரு கை தொடுகிறது. மண்ணும் விரலும் தோலும் ஒரே சாம்பல் குடும்பமாகிவிட, அந்தத் தொடுகை மட்டும் மிஞ்சுகிறது. அது எந்த ஊர்க் குழந்தையாகவும் ஆகிவிடுகிறது. வண்ணப்படத்தில் அப்படி ஆறுதல் தேட இடமில்லை. மண் மண்ணின் நிறத்திலேயே இருக்கிறது. கண்கள் ஒளி போய் வெளுத்திருக்கின்றன. இது இங்கே, இப்போது, ஓர் ஆலையால் நடந்தது என்கிறது படம். ராயின் படமே உயர்ந்தது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது, துக்கத்துக்கு ராயின் படம், சாட்சிக்குப் பார்த்தலோமியூவின் படம் என்று பிரித்துக்கொள்கிறேன். நீதி இன்னும் பாக்கியிருக்கும் விஷயத்தில் சாட்சிக்குத்தான் முதலிடம் தருவேன்.

உழைக்காமல் வந்த மரியாதை என்றேனே, அதன் ஆபத்து இங்கேதான். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு சுமந்து ஏறும் ஆயிரக்கணக்கானோரை 1986இல் செபாஸ்தியோ சால்காடோ எடுத்த படங்கள் பழைய விவிலிய ஓவியம் போல இருக்கின்றன. துன்பத்தை அழகாக்குகிறார் என்று 1991இல் நியூயார்க்கர் இதழில் இங்க்ரிட் சிஷி கடுமையாக எழுதினார். சால்காடோவை நான் கைவிட மாட்டேன். அந்த மனிதர்களோடு அவர் இருந்த காலம் படங்களில் தெரிகிறது. அவரைப் பார்த்துப் படமெடுக்கப் பழகியவர்களிடம் அது தெரிவதில்லை. நம் போட்டிகளுக்கு வரும் பல்லில்லாத கிழவர், சுருக்கம் விழுந்த கிழவி படங்களைப் பாருங்கள். ரேஷன் கார்டும் செல்போனும் வைத்திருக்கும் இன்றைய மனிதர் அவர். நிறத்தை உருவியதும் ஐம்பது வருடம் பின்னே போய்விடுகிறார். அவருடைய வறுமையும் என்றோ முடிந்த கதையாகிவிடுகிறது. சுனாமிக்குப் பின் கடலூர் மணலில் விழுந்து அழும் பெண்ணை அர்கோ தத்தா 2004இல் வண்ணத்தில்தான் எடுத்தார். அந்தப் படத்துக்குக் கண்ணியத்தில் என்ன குறை?

போனில் ஒரு தட்டு தட்டினால் எந்தப் படமும் கறுப்பு வெள்ளையாகிவிடும். வெளிச்சம் சரியில்லாத, நிறம் ஒத்துவராத படத்தைக் காப்பாற்றவே பெரும்பாலும் அப்படித் தட்டுகிறார்கள். ஆடம்ஸ் சிவப்பு பில்டரைக் கையில் எடுத்த இடம் இதற்கு நேர் எதிர்.

இந்த ஊடகத்தை விரும்பும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு, கோப்பை ரா வடிவில் சேமியுங்கள்; அதில் நிறம் பத்திரமாக இருக்கும். அந்த மூலத்தை அழித்துவிடாதீர்கள். எங்கள் பாட்டியின் சேலை என்ன நிறம் என்று சொல்ல எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.