குடக்கூலி வீடும் நம் புனைகதையும்

வேலைக்கான ஆணை வந்த அன்று தந்தை, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார். தாயோ, "அங்கே எங்கே வாப்பா தங்குவாய்?" என்று கேட்கிறாள். இரண்டில் தாயின் கேள்வியே பெரிது. அடுப்பும் தண்ணீரும் அண்டை வீடும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. பள்ளிவாசல் எவ்வளவு தொலைவு, பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், நோய் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்பனவும் அதிலேயே உள்ளன. ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊரில் குடியேறும் மனிதன், வாடகை வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தன் வாழ்வின் பாதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான்.

இந்தக் கேள்விக்கு நம் இலக்கியம் என்ன விடை தந்திருக்கிறது? தமிழ்ப் புனைகதை பொதுவாகவும், தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்களின் புனைகதை சிறப்பாகவும் இதை எப்படிக் கையாண்டுள்ளன என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

புது நகரில் தங்குமிடம் தேர்வதென்பது நமக்குப் புதிய பொருளன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களாக அமைந்தது. மூன்றாவதன் பெயரே ஹிஜ்ரத்துக் காண்டம். பிறந்த மண்ணை நீங்கி வேற்றூர் புகும் நிகழ்ச்சி அக்காப்பியத்தின் நடு நரம்பு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுள் நுழைந்தபோது ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் இல்லத்துக்கு அழைத்ததையும், அவர்கள் ஒருவர் மனமும் நோகாதவாறு ஒட்டகத்தைத் தன்போக்கில் விட்டதையும் வரலாறு பேசுகிறது. ஒட்டகம் நின்ற இடத்துக்கு அருகில் இருந்த அபூ அய்யூப் அல்அன்சாரியின் வீடே தங்குமிடமாயிற்று. வந்தவரை ஏற்க ஊரே கதவைத் திறந்து நின்றது. தேர்வின் சங்கடம் அழைப்புகளின் மிகுதியால் எழுந்தது. இன்றைய குடிபெயர்வோனின் சங்கடம் இதற்கு நேர் எதிரானது.

இனித் தற்காலத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்தவர். அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வந்துவிடுகிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைத் திருவல்லிக்கேணியிலுள்ள தம் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்துச் செல்கிறார். நகரத்தில் கடவுளுக்கும் ஓர் அறிமுகம் வேண்டும். அறிமுகம் கிடைத்தபின் பிழைப்பு வேண்டும். பிழைப்பு கிடைக்காமல் அவர் திரும்பிப் போகிறார். சிரித்துக்கொண்டே படிக்கும் இக்கதை, நகரம் அந்நியனிடம் என்ன கேட்கிறது என்பதை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது.

அசோகமித்திரன் இப்பொருளை இன்னும் அருகிலிருந்து பார்த்தவர். 1952இல் தந்தையின் மறைவுக்குப் பின் செகந்தராபாத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த அவருக்கு, வாடகைக் குடித்தனத்தின் ஒவ்வொரு நெருடலும் தெரியும். 1973இல் நூலாக வந்த 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவும் சாயாவும் ஒரு வீட்டின் பகுதியில் வாழ்கின்றனர். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைவதும், கைப்பம்பை அடித்து அடித்துக் காத்திருப்பதும், அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் ஒரு நாளைக் கழிப்பதுமே அவர்கள் வாழ்க்கை. வாடகை வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் கொண்டதன்று. குழாயும் கிணறும் கழிப்பறையும் அண்டை வீட்டாரின் பார்வையும் சேர்ந்ததே வீடு என்பதைத் தமிழில் இவ்வளவு நுட்பமாகக் காட்டிய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

திரையிலும் ஒரு சான்று உண்டு. 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு', வாடகை வீட்டை விட்டு வெளியேற வேண்டிய ஒரு குடும்பத்தோடு தொடங்குகிறது. வேறு வீடு தேடி அலைந்து சலித்த பின்னரே, உழைக்கும் பெண்ணான சுதா சொந்தமாகக் கட்டத் துணிகிறாள். தொடக்கத்தில் வரும் அந்தத் தேடல் காட்சிகளுக்காகவே அப்படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம்.

ஆயினும் இவ்விரு படைப்புகளிலும் ஒரு கேள்வி எழவில்லை. வாடகை கட்டுமா, தண்ணீர் வருமா என்று அவற்றின் மாந்தர் கவலைப்படுகின்றனர். தம் பெயரைச் சொல்ல அவர்கள் அஞ்சுவதில்லை.

நம்முடைய மூத்த தலைமுறை கடல் கடந்து போனபோது எங்கே தங்கியது? ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய இரு நாவல்களும் மலேயா, சுமத்திரா நகரங்களில் வாழ்ந்த தமிழரைக் காட்டுகின்றன. அங்கே வட்டிக்கடைக் கிட்டங்கியில் பெட்டியடியே பகலில் தொழிலிடம், இரவில் படுக்கை. தமிழ் முஸ்லிம் வணிகரின் வரலாறும் பெரிதும் இப்படிப்பட்டதே. பினாங்கின் சூலியா தெரு அவர்களுடைய பெயரையே தாங்கி நிற்கிறது. கடையின் மேல்மாடியில் பாய் விரித்துத் தூங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறித் திரும்பியவர் பலர். கடையநல்லூர் மக்களைப்போல் குடும்பத்தோடு சிங்கப்பூரில் வேரூன்றியவர்களும் உண்டு. எனினும் மனைவி மக்கள் ஊரில் இருக்க ஆண் மட்டும் போவதே பரவலான வழக்கமாயிருந்தது. குடும்பம் போகாத இடத்தில் வீடு தேடும் வேலையும் இல்லை.

இங்கேதான் நம் எழுத்தாளர்களின் மௌனத்துக்கு ஒரு காரணம் தென்படுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு மணம் முடிக்கும்போது வீடு கொடுப்பது மரபு. மணமகன் மனைவி வீட்டுக்குப் போகிறான். அத்தகைய ஊரில் வீடு என்பது பெண்ணின் வழியே வந்து, பெண்ணின் பெயரால் நிற்பது. வாடகை என்ற சொல் அங்கே வாழ்வின் விளிம்பில் கிடக்கும் சொல். இந்த மண்ணில் முளைத்த கற்பனை, சொந்த வீட்டையும் சொந்தத் தெருவையுமே சுற்றி வந்தால் வியப்பில்லை.

தோப்பில் முஹம்மது மீரானை எடுத்துக்கொள்வோம். 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யில், பழம்பெருமை பேசும் முஸ்தபாக் கண்ணு, தம் பரம்பரை வீட்டையே சிறிது சிறிதாக விற்றுத் தின்கிறார். வீடு அழிவதைக் காட்டி ஒரு வர்க்கத்தின் அழிவைச் சொன்ன பெரும் படைப்பு அது. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யிலும் ஊரே கதைத்தலைவன். ஆனால் மீரான் அவர்களின் சொந்த வாழ்வைப் பாருங்கள். தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த அவர் வணிகத்தின்பொருட்டுத் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்து, 2019இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். குடிபெயர்ந்த மனிதரின் பேனா, குடிபெயராத ஊரையே திரும்பத் திரும்ப எழுதியது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வீட்டின் உள்ளறைகளுக்குள் அஞ்சாமல் நுழைந்தது. அதுவும் ஊர் வீடே.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுதியதை நன்றாகவே எழுதினார்கள். என் வருத்தம் எழுதப்படாததைப் பற்றியது. இன்று நம் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் ஆசிரியைகளாகவும் வங்கி ஊழியர்களாகவும் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். அவர்கள் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது. வீட்டுக்காரர் புன்னகையோடு அறைகளைக் காட்டுகிறார், முன்பணம் பேசுகிறார், மோட்டார் போடும் நேரத்தையும் சொல்கிறார். பிறகு, "தம்பி பேர் என்ன?" என்கிறார். பெயரைச் சொன்னதும் ஊரிலிருந்து அவருடைய மைத்துனர் வரப்போவது நினைவுக்கு வந்துவிடுகிறது. சிலர் அவ்வளவு தூரம் போவதில்லை. 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். அந்த வரி எத்தனை பேரை ஒரே நேரத்தில் திருப்பி அனுப்புகிறது என்பதை ஒடுக்கப்பட்ட சாதியினரும் அறிவர். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையும் முஸ்லிம்கள் விரும்பிய பகுதியில் வீடு பெற இயலாமையைப் பதிவு செய்தது. நம் அரசமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எனப் பாகுபாடு கூடாத இடங்களை எண்ணிச் சொல்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் பெறவில்லை.

மறுக்கப்பட்டவன் எங்கே போவான்? மண்ணடிக்குப் போவான், திருவல்லிக்கேணிக்குப் போவான். பாங்கொலி கேட்கும், தெரிந்த முகம் இருக்கும், நோன்புக் கஞ்சி கிடைக்கும். இவை உண்மையான நன்மைகள். இவற்றுக்காகவே விரும்பிப் போவோரும் உண்டு. ஆனால் விருப்பத்தால் போனானா, வேறு கதவு திறக்காததால் போனானா என்பதை அவனே சில ஆண்டுகளில் மறந்துவிடுகிறான். அந்த மறதி ஒரு நாவலுக்குரிய பொருள். வேறிடம் கிடைக்காது என்பது தெரிந்துவிட்டால் நம்மவர் வீட்டு வாடகையும் ஏறத்தான் செய்யும். அதையும் எழுத வேண்டும்.

நம்மை நாமே பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நம்மில் வீடு வாடகைக்கு விடுவோர் என்ன கேட்கிறோம்? "எந்த ஊர்? எந்தத் தெரு? யார் குடும்பம்?" தனியே வேலைக்கு வந்த பெண்ணுக்கு எத்தனை பேர் சாவி கொடுத்திருக்கிறோம்? மணமாகாத இளைஞனுக்கு? அடுத்தவர் வாசலில் நாம் பட்ட வெட்கத்தை நம் வாசலில் இன்னொருவர் படும்போது நமக்கு அது வெட்கமாகத் தெரிவதில்லை. ஒரு பக்கத்துக் காயத்தை மட்டும் சொல்லும் கதை முறையீடாகும். இலக்கியமாக வளர அதற்கு மறுபக்கமும் தேவை.

இதற்கு வழிகாட்டியாக நான் காட்ட விரும்பும் நூல், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). செகந்தராபாத்தின் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரனுக்கு முஸ்லிம் குடும்பமும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அண்டை வீட்டார். அந்த வீடுகளை நிர்வாகம் ஒதுக்கியது. யாரும் யாரையும் பெயர் கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனாலேயே அவர்கள் சண்டையும் விளையாட்டுமாகச் சேர்ந்து வாழக் கற்றனர். 1948இன் கொந்தளிப்பு அந்த அண்டைமையைக் கிழிக்கிறது. இறுதியில் தஞ்சம் தேடி ஒரு வீட்டுக்குள் புகும் சந்திரசேகரன் முன், அவனைத் தாக்க வந்தவனாக எண்ணி, ஓர் இளம்பெண் தன் குடும்பத்தைக் காக்கத் தன் மானத்தையே விலையாக நீட்டுகிறாள். அவன் அருவருப்பும் அவமானமும் கொண்டு ஓடுகிறான். அந்த வீட்டார் முஸ்லிம்கள். எழுதியவர் முஸ்லிம் அல்லர். மற்றவர் வீட்டின் அச்சத்தைத் தன் குற்றமாக உணர்ந்த எழுத்து அது. குரலை உயர்த்தாமலே அது நம்மை நடுங்க வைக்கிறது.

அத்தகைய நேர்மையோடு நம் இளம் எழுத்தாளர் ஒருவர் வாடகை வீட்டை எழுதட்டும். தரகர் கேட்கும் ஒரு மாத வாடகையையும், பெயரைச் சுருக்கிச் சொல்லத் தோன்றிய அந்த நொடியையும், சொல்லாமல் முழுப்பெயரையே சொன்ன பெருமையையும், அதற்குக் கொடுத்த விலையையும் எழுதட்டும். பெயர் கேட்ட பின்னும் சாவியை நீட்டிய மனிதரையும் மறவாமல் எழுதட்டும். அவரும் இருக்கிறார், பலருக்கும் வாழ்வில் ஒருமுறையேனும் அவர் எதிர்ப்பட்டிருக்கிறார். பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போகும் பிரியாணித் தூக்குக்கும், தீபாவளியன்று அது நிறைந்து திரும்பி வருவதற்கும் நம் இலக்கியத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

'வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு' என்பது அரபு மக்களின் பழமொழி. தேடும் உரிமை தேடுவோனுக்கு இருந்த காலத்தில் பிறந்த மொழி அது. இன்று அண்டை வீட்டாரே நம்மைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில வேளை நாமும் அவர்களை அப்படியே செய்கிறோம். இந்த மாற்றத்தின் கதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "எங்கே வாப்பா தங்குவாய்?" என்று கேட்ட தாய்க்கு நம் இலக்கியம் இன்னும் விடை சொல்லவில்லை.