நவவீ இமாமின் நாற்பது

தமிழில் 'நாற்பது' என்பது நூலுக்குப் பெயராகி நின்ற ஓர் எண். பதினெண்கீழ்க்கணக்கினுள் கார் நாற்பது, களவழி நாற்பது, இன்னா நாற்பது, இனியவை நாற்பது என நான்கு நூல்கள் இப்பெயர் தாங்கி நிற்பதைத் தமிழாசிரியர் அறிவர். அவற்றுள் களவழியில் இன்று காணப்படுவன நாற்பத்தொரு பாடல்கள். ஒன்று மிகுந்ததற்காக நூலின் பெயரை எவரும் மாற்றவில்லை. அரபு மொழியிலும் 'அர்பஈன்', அஃதாவது நாற்பது, எனும் நூல்வகை உண்டு. நபிமொழிகளில் நாற்பதைத் தேர்ந்து தொகுப்பது அது. அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது இமாம் நவவீயின் தொகுப்பு. அதில் உள்ளவையோ நாற்பத்திரண்டு!

ஜோகூரில் வாழ்வோர்க்கு இந்நூல் அயலானதன்று. மலாய் மக்கள் 'ஹதீஸ் எம்பாட் புலோ' என்று சொல்லிப் பாடம் கேட்பது இதனையே. 1934-இல் ஜோகூரின் முப்தியாகப் பொறுப்பேற்ற அலவி பின் தாஹிர் அல்-ஹத்தாத் ஹள்ரமௌத்தில் பிறந்தவர். அந்த அரபு நிலமும், மலாய் நாடும், நம் காயல்பட்டினம் கீழக்கரைக் கரையும் ஷாபி மரபால் இணைந்தவை. அம்மரபின் சட்டத்தைத் தெளிவுபடுத்தியவர்களுள் நவவீ தலையாயவர். அவருடைய 'மின்ஹாஜ்' எனும் சட்டநூல் 1882 முதல் 1884 வரை பத்தாவியாவில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. ஆயினும் சட்டநூல் கற்றாரிடம் நின்றுவிட, நாற்பது சிறுவர் நாவிலும் ஏறிற்று. அச்சிறு நூலின் தொகுப்புத் திறனே ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியது.

நவவீ கி.பி. 1233-இல் (ஹிஜ்ரி 631) சிரியாவில் ஹவ்ரான் பகுதியின் நவா எனும் ஊரில் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில் திமிஷ்கு நகரம் சென்று ரவாஹிய்யா மதரஸாவில் பயின்றார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்கள் கேட்டாராம். 1267-இல் அஷ்ரபிய்யா ஹதீஸ் கலாசாலையின் தலைமை ஏற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. அந்நகரத் தோட்டங்களில் அறக்கட்டளை நிலங்கள் முறையின்றிக் கலந்திருக்கக் கூடும் என அஞ்சி அங்கு விளைந்த கனிகளை உண்ணாதவர். மக்கள்மேல் சுமத்தப்பட்ட சுமைகளைக் கண்டித்துச் சுல்தான் பைபர்ஸுக்கே மடல் எழுதியவர். 1277-இல் சொந்த ஊரிலேயே மறைந்தார். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை, ரியாளுஸ் ஸாலிஹீன், அத்கார், முற்றுப்பெறாத மஜ்மூஉ ஆகியன அந்தக் குறுகிய வாழ்வில் எழுந்தவை.

இனி நூலுக்கு வருவோம். நாற்பது நபிமொழிகளை மனனம் செய்து சமுதாயத்துக்குக் காத்துத் தருபவர்க்குப் பெருஞ்சிறப்புண்டு எனும் கருத்தில் ஒரு நபிமொழி வழங்கிவந்தது. நாற்பது எனும் நூல்வகைக்கே அதுதான் வேர். அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் தொடங்கிப் பலர் நாற்பது தொகுத்தனர். நவவீயும் முன்னுரையில் அதனை எடுத்துரைக்கிறார். உரைத்த கையோடு, அது பல வழிகளில் வந்திருப்பினும் பலவீனமானதே என்பது ஹதீஸ் அறிஞரின் ஒருமித்த முடிபு என்றும் எழுதிவிடுகிறார். தாம் நிற்கும் கிளையைத் தாமே தட்டிப்பார்த்து, 'இது வலுவற்றது' என்று சொல்லும் தொகுப்பாசிரியர் எத்தனை பேர்? தமது முயற்சிக்கு அதனை ஆதாரமாகக் கொள்ளாமல், கேட்டவர் கேளாதவர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் கருத்துடைய உறுதியான நபிமொழிகளையே துணைக்கொள்கிறார். இம்முன்னுரை ஒன்றே நூலின் மதிப்பைப் பாதி உயர்த்துவது என்பது எம் கருத்து.

தேர்விலும் புதுமை உண்டு. முன்னோர் சிலர் ஒழுக்கம், சிலர் துறவு, சிலர் அறப்போர் என ஒரு பொருள்மேல் தொகுத்தனர். நவவீ சமயத்தின் அடித்தளமாக அமைந்த மொழிகளையே நாடினார். அவருக்கு முன் இப்னுஸ் ஸலாஹ் என்னும் அறிஞர் அத்தகைய இருபத்தாறைத் திரட்டியிருந்தார். அதனை நவவீ வளர்த்து நிறைவித்தார். மனனத்துக்கு எளிதாக அறிவிப்பாளர் தொடரை நீக்கினாலும், முதலில் அறிவித்த தோழர் பெயரையும் மொழி இடம்பெற்ற மூலநூலின் பெயரையும் விடவில்லை. இறுதியில் அருஞ்சொற்களுக்கு விளக்கமும் தந்தார். நம் பதிப்புகளின் அரும்பத உரை போன்றது அது.

நூலுள் இலக்கியச் சுவை மிக்கது இரண்டாவது மொழி. வெண்ணிற ஆடையும் கருங்கூந்தலும் உடைய ஒருவர் அவைக்கு வருகிறார். அவரிடம் பயணக் களைப்பின் அடையாளம் இல்லை. அவரை அறிந்தாரும் அங்கில்லை. உள்ளூரார் எனில் அறிந்திருக்க வேண்டும், வெளியூரார் எனில் புழுதி படிந்திருக்க வேண்டும். இம்முரணைக் குறித்த கண் உமரின் கண். வந்தவர் யாரென்பது இறுதியில்தான் வெளிப்படும். கதை சொல்லும் கலையில் இதனினும் செறிவான தொடக்கம் அரிது.

குறையும் கூற வேண்டும். 'ஸஹீஹ்' ஆனவற்றையே தருவேன் என்று முன்னுரையில் உறுதி சொன்னவர், சிலவற்றை அடுத்த படியான 'ஹஸன்' என்று தாமே குறிக்கிறார். ஏற்கத்தக்கவை என்னும் பொதுப்பொருளில் சொன்னார் என அமைதி கூறலாம். நாற்பத்தொன்றாவது மொழிக்கு அவ்வமைதியும் போதாது. அதனை ஸஹீஹ் எனக் கொள்வது மிகவும் தொலைவானது என்று பின்வந்த இப்னு ரஜப் காரணங்காட்டி மறுத்தார். மறுத்தவர் நூலைத் தள்ளிவிடவில்லை; மேலும் எட்டு மொழிகளைச் சேர்த்து ஐம்பதாக்கிப் பேருரை வகுத்தார். மூலத்தைப் போற்றியவாறே அதன் குறையை உரையில் பதிவுசெய்யும் இப்பண்பைப் பரிமேலழகரிடமும் நச்சினார்க்கினியரிடமும் தேடினால் அவ்வளவு எளிதில் அகப்படாது.

இன்று என்ன செய்கிறோம்? நாட்காட்டியிலும் கைபேசிச் செய்திகளிலும் 'நபிமொழி' என்னும் ஒரு சொல்லே முத்திரை. தோழர் பெயரும் இல்லை, மூலநூலும் இல்லை. நவவீ மனனத்துக்காகச் சுருக்கிய அளவையும் கடந்து நாம் சுருக்கிவிட்டோம். தமிழிலும் எவர் சொன்னதென்று அறியாத அறவுரையெல்லாம் ஔவையார் தலையில் ஏறுகிறது. வகுப்பில் ஒரு மேற்கோளைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன்கீழ் நூற்பெயரையும் எழுத எத்தனை நொடி ஆகும்?

நவவீயின் மாணவர் இப்னுல் அத்தார் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். ஆசிரியர் தம் கைப்பட எழுதிய ஏறத்தாழ ஆயிரம் ஏட்டுக்கட்டுகளைக் கொடுத்து, தாள் கடையில் அவற்றின் மை கழுவப்படும்வரை உடனிருந்து பார்த்துவர ஆணையிட்டாராம். மீறலாகாது என்று எச்சரிக்கையும் செய்தாராம். மாணவர் அவ்வாறே செய்தார். அந்த வருத்தம் தம் நெஞ்சைவிட்டு இன்னும் நீங்கவில்லை என்று ஆசிரியர் மறைந்த பின்னர் எழுதினார்.