கண்டுக்காதீங்க டீச்சர்!

நந்தனம் சிக்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. மொத்தம் 48 வீடு. ஊரில் எல்லோருக்கும் இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணி லாரி எப்ப வரும், லிஃப்ட் ஏன் நின்னுச்சு, யார் ஸ்கூட்டர் வழியை மறைக்குது... இப்படித்தான் ஓடும்.

போன மாதம் ஒரு ராத்திரி, ரிட்டயரான டீச்சர் ஒருவர் அதில் ஒரு கேள்வி கேட்டார். ‘இந்த மாசம் லாரித் தண்ணிக்கு எவ்வளவு செலவாச்சு? கணக்கு போட முடியுமா?’ அவ்வளவுதான். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் பாய்ந்துவிட்டார். ‘பென்ஷன் வாங்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் பொழுது போகணுமே!’ என்று ஆரம்பித்து, டீச்சரின் வயசு, போய்ச் சேர்ந்த கணவர் என்று எங்கெங்கோ போனார். இரண்டு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். ‘இப்படியெல்லாம் பேசலாமா?’ என்று டீச்சர் ஒரு வரி எழுதினார். பதிலுக்கு இன்னும் நாலு வரி வந்தது.

நல்லவர்கள் சும்மா இருக்கவில்லை. ‘கண்டுக்காதீங்க டீச்சர்’ என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் சொன்னேன். பதினொன்றே முக்காலுக்கு டீச்சர் குரூப்பை விட்டு வெளியேறினார்.

அந்த ‘கண்டுக்காதீங்க’வைப் பற்றித்தான் இந்த வாரம்.

இதைவிட மோசமான அறிவுரை கிடையாது சார். அடிபட்டவரைப் பார்த்து ‘வலிக்காத மாதிரி இருங்க’ என்கிறோம். அடித்தவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. நான் படித்தது பி.காம். அதில் இன்னும் ஞாபகம் இருப்பது கிரெஷாம் விதி. கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்பது. பேச்சுக்கும் அதே கதைதான். வம்புக்காரர் போகமாட்டார், அவருக்கு அங்கே நல்ல தீனி. கிளம்புகிறவர், கணக்கு கேட்ட டீச்சர்தான்.

இது புதுசும் இல்லை. 2004-ல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழ் வலைப்பதிவுகள் ஒரே இடத்தில் கூடின. கூட்டம் கூடினால் வம்பும் கூடத்தானே செய்யும்! நங்கநல்லூரில் இருந்தபடி ‘டோண்டு’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தார் ராகவன் என்ற மொழிபெயர்ப்பாளர். அவர் பெயரிலேயே ஒரு போலி கிளம்பி, ஊரார் பதிவுகளில் எல்லாம் ஆபாசமாக எழுதித் தள்ளியது. ராகவனோடு கருத்தில் கடுமையாகச் சண்டை போட்டவர்கள் ஏராளம். அது வேறு, இது வேறு.

அப்போது யாரும் ‘கண்டுக்காதீங்க’ என்று விட்டுவிடவில்லை. பெயர் மேல் மவுஸை வைத்து, தெரிகிற எண்ணைப் பார்த்து, இது அசலா போலியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார் ராகவன். அதற்கு ‘எலிக்குட்டி சோதனை’ என்று பெயர் வேறு! ‘மட்டுறுத்தல்’ என்ற வார்த்தை புழக்கத்துக்கு வந்தது. மறுமொழியைப் படித்துப் பார்த்து, ஆபாசம் இல்லையென்றால் மட்டும் வெளியே விடுவது. இதற்கும் ஒரு விலை இருந்தது. பதிவர் தூங்கி எழும்வரை பேச்சு நின்றுவிடும், சுவாரசியம் போய்விடும். ஆனாலும் பலர் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

‘எதுக்கு வம்பு, போலீஸில் சொல்லலாமே’ என்பீர்கள். மிரட்டல், ஆபாசம் என்றால் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் போலீஸ் என்றால் என்ன ஆகும்? 2012 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னை ஆபாசமாகப் பேசுகிறார்கள் என்று சென்னை போலீஸில் புகார் கொடுத்தார். கைது நடந்தது. அதே மாதம் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரும் கைதானார். அவர் செய்தது, கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ஒரு ட்வீட் போட்டது. இரண்டு வழக்கிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. பெண்ணைக் கேவலப்படுத்துவதும் அரசியல் குடும்பத்தை விமர்சிப்பதும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றாகத் தெரிந்தன. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குள் எலி அடிக்க ஜே.சி.பி. கொண்டுவந்தால் சுவரும் சேர்ந்துதான் போகும்.

சரி, எங்கள் குரூப்புக்கு வருவோம். மறுநாள் காலையில் செயலாளர் ஒரு நடவடிக்கை எடுத்தார். அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று குரூப்பைப் பூட்டிவிட்டார். ஒருவர் கத்தினதுக்கு 47 வீட்டு வாயில் பூட்டு! கேட்டால், ‘யாரோ எழுதினா அட்மின் பொறுப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு சார்’ என்கிறார். உண்மைதான். கரூர் வழக்கறிஞர்கள் குரூப் வழக்கில், வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை வழக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளை சொன்னது. ஆனால் அது ஜெயிலுக்குப் போவதைப் பற்றிய தீர்ப்பு. அட்மின் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று அதில் சொல்லவில்லையே!

எங்கள் குரூப்பில் விதிமுறையும் உண்டு. மொத்தம் 14. குட்மார்னிங் கூடாது, அரசியல் கூடாது, சாமி படம் கூடாது, விளம்பரம் கூடாது... பதினாலையும் படித்துப் பார்த்தேன். சக மனிதரைக் கேவலப்படுத்தக் கூடாது என்று ஒன்றுகூட இல்லை. எதைப் பேசலாம் என்பதற்கு ஆயிரம் தடை, எப்படிப் பேசலாம் என்பதற்கு ஒன்றுமில்லை. நம் ஊர் விதிகளின் கோளாறே இதுதான்.

விக்கிபீடியாவைப் பாருங்கள். அடுத்தவர் எழுதியதை ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மாற்றிப்போட்டால் ஆங்கில விக்கிபீடியாவில் தடை வரலாம். நாசவேலையை நீக்குவது மாதிரி சில விலக்குகள் தவிர, ‘நான் சொன்னதுதான் சரி’ என்ற வாதம் எடுபடாது. விதி நடத்தைக்குத்தான், கருத்துக்கு இல்லை.

எங்களுக்கும் மூன்று வரி போதும். விஷயத்தைத் திட்டு, ஆளைத் திட்டாதே. மீறினால் முதலில் தனியே ஒரு போன். மறுபடியும் மீறினால் ஒரு வாரம் வெளியே. முக்கியமாக, செயலாளரின் சீட்டாட்ட நண்பருக்கும் இது பொருந்த வேண்டும். மூன்றாவது மாடிக்காரர் யாருடைய நண்பர் என்று நான் சொல்லவே இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். காபி கொடுத்தார். ‘கண்டுக்காதீங்கன்னு சொன்னது தப்புதான்’ என்றேன். அவர் சொன்னார்: “திட்டினது கூடப் பெரிசா தெரியலை தம்பி. ‘இப்படிப் பேசலாமா’ன்னு நான் எழுதினதை எத்தனை பேர் படிச்சாங்கன்னு பார்த்தேன். 41 பேர். ஒருத்தர்கூட அவரைப் பார்த்து ‘பேசக் கூடாது’ன்னு சொல்லலையே!”

அந்த 41-ல் நானும் ஒருவன். உங்கள் குரூப்பில் நீங்கள் எத்தனாவது ஆள்?

இன்னொன்று. தண்ணி லாரிக் கணக்கு இன்னும் வரவில்லை.