மஸாடா: ஒளிந்திருந்த ஏழு பேர்

முற்றுகையில் ஒரு நகரம் விழுந்தபின் அதன் கதையை யார் சொல்வது என்பது அதிகாரம் சார்ந்த கேள்வி. கி.பி. 70இல் டைட்டஸின் படை ஜெருசலேமைப் பிடித்தது, கோயில் எரிந்தது. கொள்ளைப்பொருளைச் சுமந்துவரும் ஊர்வலத்தை ரோமில் டைட்டஸ் வளைவில் செதுக்கினார்கள். அது வென்றவனின் பிரதி. தோற்றவர்களுக்கான பிரதியை இருபதாம் நூற்றாண்டின் தேசியம் சாக்கடலோர மலைக்கோட்டை மஸாடாவில் கண்டெடுத்தது.

கி.பி. 73 அல்லது 74இல் ரோமர் மண்சரிவு எழுப்பி மதிலை உடைத்தனர். அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று எலியாசர் பேசினான். 960 பேர் மாண்டனர். இதைச் சொல்லும் பண்டைய பிரதி ஜொசிபஸுடையது மட்டுமே. அவரோ யோதபட்டாவில் கூட்டுச்சாவு உடன்படிக்கையிலிருந்து தப்பி ரோமரிடம் சரணடைந்த தளபதி.

அந்தப் பிரதியையே நிதானமாக வாசிப்போம். ஆண்கள் தம் மனைவி மக்களை வெட்டினார்கள், பிறகு ஒருவரையொருவர். சாகலாமான்னு அந்தப் பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் யாரு கேட்டாங்க? இரண்டு பெண்கள் ஐந்து குழந்தைகளோடு தண்ணீர்க் கால்வாய்க்குள் ஒளிந்து பிழைத்தார்கள். நடந்ததை ரோமருக்குச் சொன்னவர்கள் அவர்கள்தாம். 960 பேரை நம்புகிறவர் இந்த ஏழு பேரையும் நம்பியாக வேண்டும். இதே கோட்டைக்காரர்கள் எங்கேதியில் பெண்களும் குழந்தைகளுமாக 700க்கு மேற்பட்ட யூதர்களைக் கொன்றதையும் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார்.

தேசியக் கதையாடல் இவற்றைக் கழித்துவிட்டு வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 1963-65இல் யிகேல் யாதின் அகழ்ந்தார். கிடைத்த எலும்புகள் 1969இல் ராணுவ மரியாதையோடு புதைக்கப்பட்டன. அவற்றோடு பன்றி எலும்புகளும் இருந்தது பின்னால் தெரியவந்து, அவை யாருடையவை என்பதே சர்ச்சையானது. கவசப்படை வீரர்கள் அந்த உச்சியில் உறுதிமொழி எடுத்தார்கள். எதெது விடுபட்டது என்பதை நாக்மன் பென்-யெஹுதா 1995இல் விரிவாகக் காட்டினார்.

ரோமின் கொடுமை பொய்யில்லை. எதிர்ப்பின் நியாயமும் பொய்யில்லை. ஆனால் எதிர்ப்பின் அளவுகோலாகச் சாவை வைக்கும்போது, உயிரோடிருப்பது துரோகமாகிவிடுகிறது. சாவைத் தீர்மானிப்பவன் ஒருவன், சாகிறவர் வேறொருவர் என்கிற சங்கதி வீரத்தின் வெளிச்சத்தில் மறைந்துபோகிறது. நினைவுச்சின்னங்களை வாசிக்கிற நாம் முதலில் தேட வேண்டியது உச்சி மேடையை அல்ல, அந்தக் கால்வாயை. சாக மறுத்தவங்க இல்லேன்னா செத்தவங்களுக்குக் கதையே கிடையாது.