நீமி நான்கிச்சியின் நரிக்கதை: ஒரு பாடவேறுபாடு

சிறுவர்க்கென எழுந்த இலக்கியம் எளிமையுடையது. ஆதலின் அதன்கண் நுணுகி ஆராய்தற்குரியது யாதுமில்லை என்பார் உளர். காப்பியத்தின் ஓரெழுத்துத் திரிபு குறித்தும் நெடிது வாதிடும் திறனாய்வாளர், சிறுவர் கதையின் பாடவேறுபாடுகளைப் பொருட்படுத்துவதில்லை. இப்போக்குப் பொருந்தாது என்பதற்கு ஜப்பானிய ஆசிரியர் நீமி நான்கிச்சி இயற்றிய ‘கொன் என்னும் நரி’ தக்க சான்றாகும். ஒரு வினைச்சொல் மாறியமையால் அக்கதையின் முடிவு வேறு பொருள் தருகிறது. அம்மாற்றத்தின் தகுதியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கிச்சி 1913ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் அய்ச்சி மாகாணத்து ஹந்தாவில் பிறந்தார். நான்கு அகவையில் தாயை இழந்தார். எட்டாம் அகவையில் தாய்வழிக் குடும்பத்திற்கு மகவாகத் தரப்பட்டுச் சில திங்களில் தந்தை இல்லத்திற்கு மீண்டார். குடும்பப்பெயர் மட்டும் மாறியவாறே நின்றது. தோக்கியோ அயல்மொழிக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்று 1936இல் தேறினார். 1938 முதல் ஆன்ஜோ நகரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றினார். முதற் கதைத்தொகுதி 1942இல் வெளிவந்தது. மறு ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், காசநோயால், இருபத்தொன்பதாம் அகவையில் மறைந்தார்.

நரிக்கதை அவர்தம் பதினெட்டாம் அகவையிற் படைத்தது. சுசூகி மியெகிச்சி நடத்திய ‘செம்பறவை’ என்னும் பொருள்படும் பெயருடைய இதழில் 1932 சனவரியில் வெளியாயிற்று. தனித்து வாழும் கொன் என்னும் நரி, ஹியோஜு என்பான் பிடித்த மீன்களை விளையாட்டாக ஆற்றில் விடுகிறது. விலாங்கு ஒன்றனையும் கவர்ந்து செல்கிறது. சில நாளில் அவன் தாய் இறக்கிறாள். அவள் இறுதியில் விரும்பிய உணவு அவ்விலாங்கே போலும் என்று நரி தானே எண்ணி வருந்துகிறது. அவ்வெண்ணம் உண்மையா என்பதை ஆசிரியர் ஓரிடத்தும் உறுதி செய்யவில்லை. குற்றம் உண்டோ இல்லையோ, குற்றவுணர்வு உண்டு. அதுவே கதையை நடத்துகிறது. கழுவாயாக நரி திருடித் தந்த மத்தி மீன்களால் ஹியோஜு மீன் விற்பவனிடம் அடியுண்கிறான். பின்னர் நாள்தோறும் கஷ்கொட்டைகளையும் காளான்களையும் மறைவாக வைத்து வருகிறது. அவற்றைத் தருவது கடவுளே என்று உழவன் ஒருவன் கூற, ஒட்டுக்கேட்ட நரி மனம் குறைகிறது. ஆயினும் மறுநாளும் செல்கிறது. நரியைக் கண்ட ஹியோஜு, பழைய திருட்டை நினைந்து சுடுகிறான். பின்னரே கஷ்கொட்டைகளைக் காண்கிறான். தந்தது நீயோ என வினவுகிறான்.

இவ்விடத்தேதான் பாடவேறுபாடு உளது. நான்கிச்சியின் கையெழுத்துப்படியில் வீழ்ந்த நரி மகிழ்ச்சியுற்றதாக அமைந்துள்ளது. அச்சுப் பாடத்திலோ நரி கண்களை மூடியவாறே தலையசைக்கிறது. இம்மாற்றம் மியெகிச்சியின் கைத்திருத்தம் என்பதே ஆய்வாளர் பலர்தம் கருத்து. 1956இல் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்று, 1980 முதல் நான்காம் வகுப்பு மொழிப்பாட நூல்கள் அனைத்திலும் பயிலப்படுவது அச்சுப் பாடமே. எனவே ஒரு நாட்டுச் சிறுவர் அனைவரும் படித்து வளரும் முடிவு, ஆசிரியர் முதலில் எழுதிய முடிவு அன்று.

கையெழுத்துப்படியின் மகிழ்ச்சி காரணமற்றதன்று. கொடையின் புகழ் கடவுளுக்குச் சென்றபோது வருந்திய நரி, தன்னை அறிவார் ஒருவரை வேண்டி நின்றது. அவ்வேட்கை உயிர் நீங்கும் வேளையில் நிறைவேறுகிறது. இளமையிலேயே தாயை இழந்து, பிறர் மனைக்குத் தரப்பட்ட ஆசிரியர் உள்ளம் அச்சொல்லில் ஒலிக்கிறது எனலாம்.

எனினும், அச்சுப் பாடமே கதைக்கு இயைபுடையது என்பது எம் துணிபு. நரி வீட்டினுள் நுழைவதை ஹியோஜு நிமிர்ந்து காணும் இடத்தில் கதையின் நோக்கு அவன்பால் மாறுகிறது. அதன்பின் அவன் கண் காண்பனவே கூறப்படுகின்றன. நரியின் அகமகிழ்ச்சியை அவன் அறிதல் இயலாது, தலையசைப்பை அறிவான். மகிழ்ந்தது எனின் கதை நரியோடு முடிந்து, படிப்போர் நெஞ்சும் ஆறுதல் பெறும். தலையசைத்தது எனின் துயரம் எஞ்சியிருப்போன்மேல் வந்து நிற்கும். துப்பாக்கி கைநழுவி விழ, அதன் வாயினின்று மெல்லிய நீலப்புகை எழும் இறுதிக் காட்சி அத்துயரத்தையே காட்டுகிறது.

அவ்வாறு விடையை எஞ்சவிடுதல் நான்கிச்சிக்குப் புறம்பான நெறியும் அன்று. 1933இல் அவர் எழுதிய கையுறை வாங்கும் நரிக்குட்டிக் கதை, மனிதர் நல்லவர்தாமோ என்ற தாய் நரியின் ஐயத்தோடு முடிகிறது. எனவே திருத்தியவர் பிறரே ஆயினும், திருத்தம் ஆசிரியர்தம் இயல்பொடு முரணவில்லை. ஆயினும், தன்னை அறிவார் வேண்டிய நரியின் கதையில், எழுதிய சொல் எது, திருத்திய சொல் எது என்பதனைப் பதிப்புகள் குறித்தல் வேண்டும். அச்சுப் பாடத்தைச் சிறுவர் பயில்க. கையெழுத்துப் பாடத்தை ஆய்வாளர் மறவாதிருக்க.