தலையைத் தூக்காதே!

கோல்ஃப் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பணக்காரர்கள் வெயிலில் நடப்பதற்குக் கண்டுபிடித்த சாக்கு என்று அந்த ஆட்டத்தைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இருக்கட்டும். இந்த வாரம் சொல்லவந்த படத்தை ரசிக்க கோல்ஃப் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து ஸீட்டில் கணவர் உட்கார்ந்திருக்க, கார் ஓட்டக் கற்றுக்கொண்ட அனுபவம் இருந்தால் போதும்.

படம் 'பேட் அண்ட் மைக்'. 1952ல் வந்த கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம். டைரக்‌ஷன் ஜார்ஜ் க்யூக்கர். கதை வசனம் ரூத் கார்டன், கார்ஸன் கேனின் என்கிற தம்பதி. நடிப்பு காதரின் ஹெப்பர்ன், ஸ்பென்ஸர் ட்ரேஸி.

பேட் ஒரு காலேஜில் உடற்பயிற்சி ஆசிரியை. அவளை மணக்கப்போகிற காலியர் அதே காலேஜில் நிர்வாகத்தில் இருப்பவன். நன்கொடை தரக்கூடிய ஒரு பெரிய மனிதரோடும் அவர் மனைவியோடும் கோல்ஃப் ஆட பேட்டை அழைத்துப் போகிறான். ஆட்டம் பூராவும் அந்த அம்மாள் பேட்டுக்கு யோசனை சொல்லிக்கொண்டே வருகிறாள். உடம்பைத் தளர்த்து, அப்படி நில், இப்படிப் பிடி. யாரும் கேட்கவில்லை. காலியரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பேட்டுக்கு ஒரு அடியும் சரியாக விழமாட்டேன் என்கிறது. ஆட்டம் முடிந்ததும் பொறுமை போய்விடுகிறது. அந்த அம்மாளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பந்துகளை வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விளாசுகிறாள் பாருங்கள்! அத்தனையும் நேர்கோட்டில் பறக்கின்றன.

ஹெப்பர்ன் டூப் வைத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலேயே கோல்ஃப் கற்றவர். நாற்பதைத் தாண்டிய வயதில் அவரே அடிக்கிறார். க்யூக்கரும் காமிராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை காட்டுகிறார். ஏமாற்று வேலை இல்லை என்று நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இந்தப் படம் கோல்ஃபைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து உங்களை நோக்கி வரும். யோசிக்க நேரமில்லை. கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. எதிராளி அதைத் தொடுவதில்லை. சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறார்கள். அத்தனை கண்களும் உங்கள் மேல். 'பெண்பிள்ளைக்கு என்ன வரும்?' என்கிற சந்தேகத்தை ஊதிப் பெரிதாக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பொழுதுபோக்காக மட்டை பிடிக்கிற பெண்களுக்கு இது தெரிந்த கதை. தானே தடுமாறி ஆடுகிற ஆசாமிகூட 'தலையைத் தூக்காதேம்மா' என்று வந்துவிடுவார்.

படத்தில் டென்னிஸுக்கும் இதே கதிதான். கூட்டத்தில் காலியர் முகத்தைப் பார்த்ததும் பேட்டின் கண்ணுக்கு வலை உயர்ந்துகொண்டே போகிறது, தன் மட்டை சுருங்கிவிடுகிறது. சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

இதுவரை சபாஷ். ஆனால் வைத்தியம் சரியில்லை.

பேட்டின் பிரச்னையைப் படம் எப்படித் தீர்க்கிறது? ஆளை மாற்றி. காலியர் போய் மைக் வருகிறான். மைக் ஒரு விளையாட்டு புரோக்கர். அவனிடம் ஒரு குத்துச்சண்டைக்காரனும் ஒரு ரேஸ் குதிரையும் இருக்கிறார்கள். மூன்றாவதாக பேட். என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது எல்லாம் அவன் உத்தரவு. அவனை அடிக்க வந்த ரௌடிகளை பேட் புரட்டி எடுக்கும்போது சுருங்கிப்போகிறது அவன் முகம். கதாசிரியர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இருந்தும், கடைசியில் ஆளுக்குச் சரிபாதி என்று சமாதானம் பண்ணி அனுப்பிவிடுகிறார்கள்.

படத்திலேயே இதற்கு ஒரு மறுப்பு நடமாடுகிறது. பேப் ஸஹாரியாஸ் தானாகவே தோன்றுகிறார். 1932 ஒலிம்பிக்கில் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் இரண்டு தங்கம். 1950ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கிய 13 பேரில் ஒருவர். படம் வந்த மறுவருஷம் புற்றுநோய்க்கு ஆபரேஷன். அதற்கடுத்த வருஷம், 1954ல், அமெரிக்க ஓப்பனை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். யார் பார்வையும் அவர் மட்டையைச் சுருக்கவில்லை.

பெண்ணின் தைரியக்குறைவுதான் வியாதி என்று நம்பினால், கிளப் வாசலில் தொங்கும் போர்டு கண்ணில் படாது. படத்தின் பெரிய ஓட்டை இதுதான். நிஜத்தில் அந்த போர்டுதான் முதலில் தடுக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹேவரில் ஊர் கிளப்பில் பெண்களுக்கு முழு மெம்பர்ஷிப் கிடைப்பதும், சனி ஞாயிறு காலையில் ஆட இடம் கிடைப்பதும் குதிரைக்கொம்பாக இருந்தது. ஒன்பது பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1999ல் ஜூரி சுமார் 19 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2003ல் அப்பீலிலும் தீர்ப்பு நின்றது.

ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டு இன்னும் மோசம். 1744ல் தொடங்கிய சங்கம். பெண்களை மெம்பராக்கலாமா என்று 2016ல் ஓட்டெடுத்தார்கள். 64 சதவிகிதம் சரி என்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமே, போதவில்லை. ஆட்டம் மெதுவாகிவிடும் என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உடனே பிரிட்டிஷ் ஓப்பன் இனி அங்கே நடக்காது என்று அறிவிப்பு வந்தது. மறுவருஷம் 80 சதிவிகித ஆதரவு! பத்தே மாதத்தில் இத்தனை ஞானோதயம்.

வேடிக்கை என்னவென்றால், ஆணும் பெண்ணும், கிழவரும் பேரனும் சமமாகப் போட்டி போட கோல்ஃபைவிட வசதியான ஆட்டம் அபூர்வம். ஹேண்டிகேப் என்று ஒன்று இருக்கிறது. சுமாராக ஆடுகிறவருக்குக் கூடுதல் அடிகள் சலுகை. பந்தை முன்னே தள்ளி வைத்துத் தொடங்கவும் தனி இடங்கள் உண்டு. கணக்கெல்லாம் நியாயமாகத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே விட்டால்தானே?

குறைகளை மீறி, படத்தைப் பாருங்கள். முழுக்க முடியாவிட்டாலும் அந்த நாற்காலி காட்சி வரையிலாவது. கணவரோடு சேர்ந்து பார்ப்பதா, தனியாகவா என்பது உங்கள் இஷ்டம். சேர்ந்து பார்த்தால், நடுவில் அவர் எதையாவது விளக்க ஆரம்பிக்கிறாரா என்று கவனியுங்கள்.