எண்ணெய் தேய்க்கும் கை

டி.வி.யில் அடிக்கடி வரும் ஒரு விளம்பரத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எல்லாக் கம்பெனிகளும் வருஷக்கணக்காக ஏறக்குறைய ஒரே விளம்பரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. முற்றம் வைத்த பழைய வீடு. கீழ்ப்படியில் மகள், மேல்படியில் அம்மா. அம்மா கிண்ணத்திலிருந்து எண்ணெய் எடுத்து மகள் தலையில் தேய்க்கிறாள். அடுத்த ஷாட்டில் மகள் தலையைச் சிலுப்ப, கூந்தல் ஸ்லோமோஷனில் எழுந்து திரை முழுக்க விரிந்து அடங்குகிறது. பின்னணியில் புல்லாங்குழல்.

போன மாதம் திருச்சியில் அக்கா வீட்டில் இந்த மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வயது 47. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, சினிமா, சீரியல்னு எல்லாத்தையும் கிழிக்கிறியே... இந்த விளம்பரத்துல அந்த அம்மாவோட தலையை எப்பவாவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அம்மா என்பவள் இந்த விளம்பரங்களில் வெறும் ஒரு கை. எண்ணெய் தேய்க்கிற கை. தலை, மகளுக்குத்தான்.

அக்கா கேட்ட கேள்வி உறுத்தியது. ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக விளம்பரம் பார்த்தேன். (வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.) மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அம்மாவாக நடிப்பவருக்கே முப்பது வயதுக்கு மேல் இருக்காது. இரண்டு, முடி ஏன் கொட்டுகிறது என்பதற்குத் தூசு, வெயில், உப்புத் தண்ணீர், டென்ஷன் என்று எல்லாக் காரணமும் சொல்கிறார்கள். வயது என்ற வார்த்தை மட்டும் வருவதில்லை. மூன்று, சில ஷாம்பு விளம்பரங்களில் 'முடி உதிர்வு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தால், கீழே எறும்பு சைஸில் விளக்கம்: முடி 'உடைவதால்' ஏற்படும் உதிர்வாம். அதாவது, பாதியில் ஒடிந்து விழுகிற முடியைப் பற்றித்தான் பேச்சு. வேரிலிருந்து வருகிற முடிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் நாற்பத்தைந்து வயதில் சீப்போடு வருவது பெரும்பாலும் வேரோடு வருகிற முடி.

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. நிற்பதற்கு முன் சில வருடங்கள் தாறுமாறாக வரும். டாக்டர்கள் இதைப் 'பெரிமெனோபாஸ்' என்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது என்பதால், நாற்பதைத் தாண்டியதுமே இது ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, பிறகு விழுகிறது. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். முடியின் வளரும் பருவத்தை நீட்டித்து வைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அது குறையும்போது வளரும் காலம் சுருங்குகிறது. புதிதாக முளைப்பது முன்னைவிட மெல்லியதாக வருகிறது. ஆண்களுக்குப் போல நெற்றி ஏறாது. நடு வகிடு அகலமாகும். போதாததற்கு, தலையில் குறைகிற முடி தாடையில் இரண்டு மூன்று எட்டிப் பார்க்கும். என்ன நியாயமோ!

எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்குள் இறங்கி, புரதம் வீணாவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வந்த ஆய்வே இருக்கிறது. வளர்ந்துவிட்ட முடிக்கு அது நல்லது. ஹார்மோனால் சுருங்கிப்போன வேரை அது எழுப்பிவிடாது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். அன்றைக்குத்தான் அவள் எனக்கு முழுசாகச் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்ததாம். பாத்ரூம் ஜலதாரையில் தினமும் ஒரு பந்து முடி. அத்தான் பார்ப்பதற்குள் எடுத்துப் போட்டுவிடுவாள். தலைக்குப் பூ வைப்பதை நிறுத்தினாள். ஏன் தெரியுமா? ஹேர்பின் குத்தினால் நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் கடைசி வரிசை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள், பின்னாலிருந்து யாரும் உச்சந்தலையைப் பார்த்துவிடக் கூடாதென்று. எட்டு மாதம் எட்டு விதமான எண்ணெய். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயம், பிறகு டி.வி.யில் வந்த அந்த எண்ணெய்.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சுடா. அதையும் வயசுன்னு விட்டுட்டேன்."

கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போயிருக்கிறாள், முடிக்காக. அவர் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "பீரியட்ஸ் எப்படி இருக்கு?" பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று கொட்டிக்கொண்டிருந்தது. நிற்கப்போகிற நேரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்ல, இவளும் நம்பியிருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

முடி கொட்டியதற்கு வயது பாதி காரணம் என்றால், உடம்பில் இரும்புச்சத்து வற்றியது மீதிப் பாதி. கர்ப்பப்பையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன், தைராய்டு டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு, ரத்தப்போக்குக்கு மருந்தும் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் உதிர்வது குறைந்தது. வகிடு முழுக்கப் பழையபடி ஆகவில்லை. ஆகும் என்று டாக்டரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இவள் ஒருத்தி கதை என்று நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதில் எத்தனை பேர் முதல் அடையாளத்தைச் சீப்பில் பார்த்துவிட்டு எண்ணெய்க் கடைக்குப் போயிருப்பார்கள்?

இந்த விளம்பரங்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் இதுதான். நீளக் கூந்தல் ஆசை காட்டுவதைக்கூட விட்டுவிடலாம். வியாபாரம் என்றால் ஆசை காட்டத்தான் செய்வார்கள். ஆனால், உடம்பு அனுப்புகிற ஒரு தந்தியைப் பிரிக்காமலே, 'இது வெறும் முடிப் பிரச்னை, பாட்டில் இத்தனை ரூபாய்' என்று பதில் எழுதிவிடுகிறார்கள். சட்டம் சும்மா இல்லை. 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத பட்டியல் அது. அதில் வழுக்கை இருக்கிறது, புது முடி வளர்வதும் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 'வளரும்' என்று வாயால் சொல்ல மாட்டார்கள். முழங்கால் வரை கூந்தலைக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். மீதியை நாம் நம்பிக்கொள்ள வேண்டியது.

இந்தப் பழக்கம் டி.வி. வந்து வந்ததல்ல. 'திருவிளையாடல்' (1965) படத்தில் தருமி காட்சியை ரசிக்காதவர் யார்? நாகேஷுக்காக நானும் ஐம்பது தடவை பார்த்திருப்பேன். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது ராஜாவின் சந்தேகம். ஆயிரம் பொன் பரிசு. புலவர் வாதாடுகிறார். சிவபெருமான் நெற்றிக்கண்ணையே திறக்கிறார். அக்கா கேள்விக்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். அத்தனை பெரிய சபையில், கூந்தலுக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்றே?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பாட்டி காலம் இதில் கொஞ்சம் தேவலை. பாட்டி தலை சீவும்போது கழிகிற முடியை விரலில் சுருட்டி, சுவர் இடுக்கில் சொருகி வைப்பாள். சேர்ந்ததும் சவுரி ஆகும். விசேஷ நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, சவுரி வைத்துப் பின்னிக்கொள்வாள். ஒரு வயதுக்குப் பிறகு அள்ளி முடிந்து ஒரு சின்னக் கொண்டை. பாட்டிக்கு ரத்தசோகை இருந்ததா என்று அவளையும் யாரும் கேட்டதில்லை, வாஸ்தவம். ஆனால் முடி குறைந்ததற்காக அவள் கடைசி வரிசை தேடவில்லை.

ஆண்களைப் பாருங்கள். ரஜினி வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாக மேடை ஏறுகிறார், நாம் விசிலடிக்கிறோம். 2011-ல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். அதற்கு 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று பேர் வைத்துக் கொண்டாடினோம். அதே வயது ஹீரோயினுக்கு வகிடு அகலமாகத் தெரிந்தால் என்ன எழுதுவோம் என்று உங்களுக்கே தெரியும். நானும் அப்படி எழுதியவன்தான்.

இந்த வயதில் முடி கொட்டினால் என்னதான் செய்வது என்று கேட்கிறீர்களா? முதலில் டாக்டர். ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு இவற்றைப் பார்க்கச் சொல்வார். தேவைப்பட்டால் தலையில் தடவுகிற மினாக்ஸிடில் போன்ற மருந்து தருவார். பலன் தெரிய நாலைந்து மாதமாவது ஆகும். ஆரம்பத்தில் சிலருக்குக் கூடுதலாகக்கூடக் கொட்டும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். இதையெல்லாம் விளம்பரத்தில் முப்பது விநாடியில் சொல்ல முடியாது. எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல வேண்டும். அல்லது, கட்டையாக வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதுவும் ஒரு வைத்தியம்தான்.

அக்காவுக்கு இப்போது தோள் வரைதான் முடி. கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போகும்போது கேட்டாள். "எட்டு மாசம் எண்ணெய் தேச்சேனே, வீட்ல ஒருத்தராவது ஏன்னு கேட்டீங்களாடா?"

உங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டென்றால் ஒன்று செய்யுங்கள். இந்த வாரம் எண்ணெய்க் கிண்ணத்தை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவரைக் கீழ்ப்படியில் உட்கார வையுங்கள். வகிட்டைப் பாருங்கள். பிறகு, அந்த லேடி டாக்டர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்.